பயிற்சி விமானத்தின் சில்லுகளும் பிழையின் வரலாறும்

பறத்தற் கலையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் சிறகைப் பற்றியும் இயந்திரத்தைப் பற்றியுமே பெரிதும் பேசினர். விமானத்தை நிலத்திலே தாங்கி நிற்கும் சில்லுகள் அவர்தம் கவனத்தை அதிகம் ஈர்க்கவில்லை. ஆயினும் ஒவ்வொரு பறப்பும் நிலத்திலே தொடங்கி நிலத்திலேயே முடிதல் வேண்டும். அம்முடிவு நலமாக அமைவது சில்லுகளையும் அவற்றைத் தாங்கும் கால்களையும் பெரிதும் பொறுத்தது. பறக்கக் கற்கும் மாணவனுக்கோ இது பின்னும் பெரியதொரு காரியம். பயணிகளை ஏற்றிச் செல்லும் விமானம் பல மணி நேரம் பறந்து ஒருமுறை இறங்கும்; பயிற்சி விமானமோ ஒரு மணி நேரத்துள் பலமுறை ஏறியிறங்கும். அதுவும் பழகாத கைகளினால் இறக்கப்படும்.

இச்சில்லுகள் தவறிய வரலாற்றில் இருவகைப் பிழைகள் காணப்படுகின்றன. ஒன்று பொறியின் பிழை: கால் முறிதல், எண்ணெய்க் குழாய் கசிதல், பூட்டு விழாதிருத்தல் என்பன இதன்பாற்படும். மற்றது மனிதனின் பிழை: சில்லை இறக்க மறத்தலும், ஒன்றை எண்ணி மற்றொன்றைத் தொடுதலும் இவ்வகையின. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள எல்லை பலர் எண்ணுமாறு அத்துணைத் தெளிவானதன்று. விமானியின் கவனக்குறைவு என்று ஒதுக்கப்பட்ட பல, கருவியை வகுத்தோரின் பிழை எனப் பின்னர் அறியப்பட்டன. அவ்வறிவு எவ்வாறு தோன்றியது என்பதை ஆராய்தல், விமானத்தைப் பற்றிய செய்தியாக மட்டுமன்றிக் கற்பித்தலைப் பற்றிய செய்தியாகவும் அமையும்.

முறிவு பழியாகாத காலம்

1903 டிசெம்பர் 17 ஆம் நாள் அமெரிக்காவின் வட கரோலினாக் கடற்கரையில் றைற் சகோதரர் பறந்த விமானத்துக்குச் சில்லுகள் இருக்கவில்லை. மரத்தாலான தண்டவாளமொன்றின் மீது ஓடி எழுந்த அவ்விமானம், அடியிற் பொருத்தப்பட்ட சறுக்குக் கட்டைகளின் துணையால் மணலில் இறங்கிற்று. அன்று நிகழ்ந்த நான்கு பறப்புகளில் இறுதியானது 59 செக்கன்களில் 852 அடி தூரம் சென்றது. அது நிலத்தைத் தொட்டபோது விமானத்தின் முன்புறச் சட்டம் முறிந்தது. மனிதனின் முதல் நாட் பறப்பே முறிந்த உறுப்புடன் முடிந்தது எனலாம்.

சில்லுகளை விரைவில் விரும்பி ஏற்றவர் ஐரோப்பியரே. 1906 இல் பாரிஸ் நகரிற் பறந்த சன்டோஸ் டுமோன் என்பாரின் விமானம் சில்லுகளின் மீது ஓடி எழுந்தது. 1909 யூலை 25 ஆம் நாள் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் முதன்முதற் கடந்த பிரெஞ்சுக்காரரான லூயி பிளேரியோ, இறப்பர் நாண்களால் அதிர்ச்சி தாங்கும் சில்லுகளைத் தம் விமானத்திற் பொருத்தியிருந்தார். எனினும் டோவர்க் கோட்டையருகே காற்றின் தாக்குதலுக்கிடையில் அவர் வன்மையாக இறங்கியபோது காலும் சேதமுற்றது, சுழல்விசிறியும் உடைந்தது. உலகம் அவருடைய வெற்றியைக் கொண்டாடியதேயன்றி உடைந்த காலைக் குறித்து யாரும் அவரைக் குறைகூறவில்லை. கால் முறிதல் அக்காலத்தில் இறங்குதலுக்குரிய கூலி போலவே கருதப்பட்டது.

முதலாம் உலகப் போர்க் காலத்தில் இந்நிலை மாறலாயிற்று. ஆயிரக்கணக்கான இளைஞர்களை விரைந்து விமானிகளாக்க வேண்டிய தேவை எழுந்தது. பயிற்சியிலேயே உயிரிழந்தோர் மிகப் பலர். பிரித்தானியாவில் 1917 இல் ரொபேட் சிமித் பாரி என்னும் படையதிகாரி கொஸ்போட் என்னுமிடத்திற் புதியதொரு போதனைமுறையை வகுத்தார். அதற்குப் பயன்பட்டது அவ்ரோ 504 என்னும் விமானம். அதன் இரு சில்லுகளுக்கும் நடுவே முன்னோக்கி நீண்ட சறுக்குக் கட்டையொன்று இருந்தது. மாணவன் தவறாக இறக்கி விமானம் மூக்குக் குப்புறச் சாயப் புகுங்கால், அக்கட்டை நிலத்தை ஊன்றிச் சுழல்விசிறியைக் காக்கும். மாணவன் பிழை செய்வான் என்பதை முன்னரே எதிர்பார்த்து அமைக்கப்பட்ட உறுப்பு அது.

சிமித் பாரியின் போதனைமுறையும் அதே நோக்குடையது. ஆசிரியரும் மாணவரும் ஒரே விமானத்தில் ஆளுக்கொரு தொகுதிக் கைப்பிடிகளுடன் அமர்ந்தனர். ஆசிரியர் குழாயொன்றின் வழியாகப் பேசினார். ஆபத்தான நிலைகளினின்றும் மாணவனை விலக்கி வைத்தல் போதனையாகாது, அந்நிலை எதனால் வந்தது, அதினின்றும் மீளும் வழி யாது என்பவற்றைக் காட்டுதலே போதனை என்பது அவர் கொள்கை. பிழையைத் தண்டித்தலினும் பிழையின் காரணத்தைக் கற்பித்தல் மேலானது என்னும் இக்கொள்கை, சில்லுகளின் வரலாற்றிற் பின்னர் வேறொரு வடிவில் மீண்டும் தோன்றக் காணலாம்.

மடங்கும் சில்லும் புதிய மறதியும்

1931 இல் முதன்முதற் பறந்த டைகர் மொத் என்னும் பயிற்சி விமானத்தின் சில்லுகள் எப்பொழுதும் கீழே நீண்டபடியே இருந்தன. எட்டாயிரத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையிற் செய்யப்பட்ட இவ்விமானத்திலே பயின்றோர் உலகெங்கும் இருந்தனர். அதன் கால் வளையலாம், முறியலாம். ஆனால் அதனை இறக்க மறத்தல் என்னும் பேச்சுக்கே இடமிருக்கவில்லை.

வேகத்தில் நாட்டங்கொண்டோர்க்கோ நீண்ட கால்கள் இடையூறாயின. வேகம் இரு மடங்காகுங்கால் காற்றின் தடை நான்கு மடங்காகும். ஆகவே பறக்குங்கால் சில்லுகளை உள்ளே மடக்கி வைக்கும் முறை நாடப்பட்டது. 1920 இல் பிரான்சில் நடைபெற்ற கோர்டன் பெனற் பந்தயத்திற் கலந்துகொண்ட டேற்றன் றைற் விமானத்தின் சில்லுகளை விமானி கைச்சுழற்றியாற் சுற்றி உடலினுள் மடக்கினார். 1930 களின் நடுப்பகுதியளவில் இம்முறை விரைந்த விமானங்களுக்குப் பொதுவாயிற்று.

பிரித்தானிய விமானப்படையில் 1936 இற் சேர்ந்த அவ்ரோ ஆன்சன் அப்படையின் மடங்கு சில்லுடைய முதல் ஒற்றைத்தட்டு விமானமாகும். அது பின்னர் பயிற்சிக்குப் பெரிதும் பயன்பட்டது. அதன் சில்லுகளை மடக்குவதற்குக் கைச்சுழற்றியை ஏறக்குறைய 140 முறை சுற்றுதல் வேண்டும். இதற்கு அஞ்சிக் குறுகிய பறப்புகளிற் சில்லுகளை மடக்காமலே பறந்தனர். அதனால் மணிக்கு முப்பது மைல் வரையில் வேகம் குறைந்தது. சலிப்பூட்டும் வேலையை மனிதன் தவிர்ப்பான் என்னும் உண்மையை இது காட்டிற்று.

டைகர் மொத்தில் முதலிற் பயின்ற மாணவன் அடுத்து ஹாவாட், மைல்ஸ் மாஸ்ரர் போன்ற மடங்கு சில்லுடைய பயிற்சி விமானங்களுக்கு மாற்றப்பட்டான். முன்னைய விமானத்திற் பெற்ற பழக்கத்தில் சில்லை இறக்குதல் என்னும் செயல் இல்லை. ஆதலின், காற்று, உயரம், வேகம், பிற விமானங்கள் ஆகிய யாவற்றையும் ஒருங்கே நோக்கவேண்டிய இறங்கு வேளையில், புதிதாகச் சேர்ந்த அச்செயலே முதலில் மறக்கப்பட்டது. இலங்கையும் இம்மாற்றத்தை அறியும். 1951 இல் நிறுவப்பட்ட இலங்கை அரச விமானப்படை முதலிற் பெற்ற சிப்மங்க் விமானங்கள் நிலையான சில்லுகளை உடையன. அடுத்த நிலைப் பயிற்சிக்கெனப் பெற்ற பாலியொல் விமானங்களோ மடங்கு சில்லுடையன.

மறதிக்கு மருந்தாக விளக்குகளும் ஊதுகுழலும் சேர்க்கப்பட்டன. சில்லு இறங்கிப் பூட்டுண்டால் பச்சை விளக்கு எரியும். சில்லை இறக்காது இயந்திரத்தின் வேகத்தைத் தணித்தாற் குழல் ஒலிக்கும். இவை பலரைக் காத்தன. ஆனால் வேகந்தணித்துச் செய்யும் வேறு பயிற்சிகளின்போதும் அக்குழல் ஒலித்தது. அடிக்கடி கேட்ட ஒலி எச்சரிக்கையாகாமல் வழக்கமாயிற்று. மனம் வேறொன்றில் முழுதும் ஆழ்ந்திருக்கையிற் காதருகே ஒலிக்கும் குழலும் கேளாதொழிவதுண்டு.

ஒரு கைப்பிடியின் வடிவம்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விமானப்படையில் விளங்காத விபத்துகள் சில நிகழ்ந்தன. பி-17 முதலான விமானங்களை நலமே இறக்கிய விமானிகள், நிலத்தில் ஓடிக்கொண்டிருக்கையிலேயே சில்லுகளை மடக்கிவிட்டனர். விமானம் வயிற்றின் மீது வீழ்ந்தது. சிறகின் பின்விளிம்பிலே இறங்குங்கால் தாழ்த்தப்படும் மடல்கள் உள. இறங்கியபின் அவற்றை உயர்த்துதல் வழக்கம். விமானிகள் மடலுக்குரிய ஆளியைத் தொட எண்ணிச் சில்லுக்குரியதைத் தொட்டனர். விசாரணைகள் இவற்றை விமானியின் தவறு என்றே முடித்தன.

1943 இல் இதனை ஆராய்ந்தவர் அல்பொன்ஸ் சப்பானிஸ் என்னும் இளம் உளநூலறிஞர். அவர் கண்ட உண்மை எளியது. இப்பிழை சி-47 என்னும் விமானத்தை ஓட்டியோரிடம் காணப்படவில்லை. கவனக்குறைவே காரணமாயின், ஒரு விமானத்தாரிடம் அது மிகுந்தும் மற்றொரு விமானத்தாரிடம் இல்லாதும் இருத்தல் எங்ஙனம்? விமானியின் அறையை நோக்கியபோது விடை கிடைத்தது. பி-17 இல் இரண்டு ஆளிகளும் ஒரே வடிவின; அருகருகே இருந்தன. சி-47 இல் அவற்றின் அமைப்பு வேறாயிருந்தது. சப்பானிஸ் கூறிய மருந்தும் எளியதே. சில்லுக்குரிய பிடியில் இறப்பர் விளிம்புள்ள சிறு சில்லொன்றும், மடலுக்குரிய பிடியில் ஆப்பு வடிவத் துண்டொன்றும் பொருத்தப்பட்டன. கண் வேறிடம் நோக்கினும், களைப்புற்றிருப்பினும், தொட்ட அளவிற் கை அறிந்துகொண்டது.

1947 இல் போல் பிற்ஸ், றிச்சாட் ஜோன்ஸ் என்னும் இருவர் கைப்பிடிகளை இயக்குவதில் நேர்ந்த 460 பிழைகளை விமானிகளிடமிருந்து திரட்டி ஆராய்ந்தனர். அவற்றுள் ஏறக்குறையப் பாதி, ஒரு பிடிக்கு மற்றொன்றை மாறித் தொட்டதனால் விளைந்தன. விமானியின் தவறு என்னும் சொல் காரணத்தைக் கூறுவதாகாது, காரணத்தைத் தேடாது விடுவதற்கு ஒரு சாட்டே என்னும் கருத்து இவ்வாராய்ச்சிகளால் வலுப்பெற்றது. பின்னாளில் சில்லுக்குரிய பிடி சில்லின் வடிவிலும், மடலுக்குரிய பிடி சிறகின் வடிவிலும் அமைதல் வேண்டும் என்பது அமெரிக்காவில் விதியாயிற்று. இன்று மடங்கு சில்லுடைய சிறு பயிற்சி விமானத்தில் ஏறும் மாணவன் கையால் உணரும் அச்சிறு சில்லு, அவ்வாராய்ச்சியின் நினைவுச் சின்னமாகும்.

ஆயினும் கற்றதைக் கைவிடுதலும் மனித இயல்பே. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 1980 இல் வெளியிட்ட சிறப்பாய்வொன்று, பொனான்சா, பாரன் என்னும் சிறு விமானங்களில் இதே பிழை மிகுதியாக நிகழ்ந்ததை எடுத்துக் காட்டியது. பிற விமானங்களிற் சில்லுக்குரியது இடப்புறமும் மடலுக்குரியது வலப்புறமும் இருப்ப, இவற்றில் அவ்வொழுங்கு மாறியிருந்தது. வேறு விமானத்திற் பயின்றவனின் கை, பழகிய இடத்தைத் தேடிச் சென்று தவறான பிடியைப் பற்றியது. விமானத்தின் பாரம் காலை அழுத்தும்வரை சில்லு மடங்காவண்ணம் தடுக்கும் ஆளியொன்று காலிற் பொருத்தப்படுவதுண்டு. ஆனால் இறங்கிய மறுகணத்திற் சிறகு பாரத்தின் ஒரு பகுதியைத் தாங்கிக்கொண்டிருப்பதால், காவலனாகிய அவ்வாளியும் உரிய வேளையிற் கடமை செய்யாதிருத்தல் கூடும்.

காவலே இடரான கதை

அமைப்பைத் திருத்தினால் எல்லாப் பிழையும் ஒழியும் என்று கொள்வதும் தவறு. இதனைப் பைப்பர் அரோ என்னும் விமானத்தின் கதை காட்டும். 1967 இல் விற்பனைக்கு வந்த இச்சிறு விமானம் பயிற்சிப் பள்ளிகளிற் பெருவழக்காயிற்று. மாணவன் மறப்பினும் சில்லு தானே இறங்கும் பொறியொன்று அதில் அமைந்திருந்தது. உடலின் புறத்தே நீண்ட சிறு குழாயொன்று காற்றின் அழுத்தத்தை அளந்தது. வேகமும் இயந்திர வலுவும் குறைந்து அவ்வழுத்தம் தணிந்தால், சில்லுகளை மேலே பிடித்து வைத்திருக்கும் எண்ணெய் அழுத்தம் விடுவிக்கப்படும். சில்லுகள் தம் பாரத்தாற் கீழே விழுந்து பூட்டுண்ணும்.

இப்பொறி பல விமானங்களை வயிற்றிறக்கத்தினின்றும் காத்திருக்கக்கூடும். ஆனால் அதற்கு ஒரு குறை இருந்தது. இயந்திரம் நின்றுபோக, தொலைவிலுள்ள வெளியொன்றை நாடி மிதந்து செல்லும் விமானத்துக்குச் சில்லு மடங்கியிருத்தலே நன்று. அவ்வேளையிலும் பொறி தன் கடமையைச் செய்து சில்லை இறக்கிவிடும். மிதந்து செல்லும் தூரம் குறையும். இதனைத் தடுக்கும் பிடியொன்று இருந்ததாயினும், அதனை நினைவில் வைத்தல் மாணவனுக்குப் புதிய சுமையாயிற்று. மறதிக்கு மருந்தாக வந்த பொறி, மறக்கலாகாத மற்றொரு பொருளைத் தந்தது. பின்னர் அப்பொறியை நீக்கிவிடுமாறு அந்நிறுவனமே அறிவுறுத்தியது. அதே விமானத்திற் பிறிதொரு நுட்பமும் உண்டு. இரவிற் கண் கூசாதிருக்கும் பொருட்டுக் கருவிப்பலகை விளக்குகளை ஏற்றியதும் சில்லின் பச்சை விளக்குகள் மங்கும். பகலில் அவ்வாளி தவறுதலாக ஏற்றப்பட்டிருப்பின், பச்சை விளக்குகள் எரிந்தும் எரியாதன போலத் தோன்றும். சில்லு நலமே இறங்கியிருக்க, இறங்கவில்லை என்று மாணவன் கலங்குவான்.

நிலையான சில்லுகளிலும் பிழைக்கு இடமுண்டு. 1956 இல் வெளிவந்த செஸ்னா 172 உலகில் மிக அதிகமாகச் செய்யப்பட்ட விமானமாகும். அதன் முதன்மைக் கால்கள் ஸ்டீவ் விற்மன் என்பார் கண்ட முறையில் உருக்கினாலான வில் போன்றன. அவை வன்மையான இறக்கத்தையும் வளைந்து தாங்கும். மூக்கின் கீழுள்ள காலோ அத்துணை வலியதன்று. வேகம் மிகுந்து இறங்கிய மாணவன், விமானம் துள்ளியதும் அச்சத்தால் மூக்கைக் கீழே தள்ளுவான். அது மூக்குச் சில்லின் மீது வீழ்ந்து மீண்டும் முன்னிலும் உயரத் துள்ளும். இரண்டு மூன்று துள்ளல்களில் அக்கால் முறிந்து, அது பொருந்தியிருக்கும் இயந்திரச் சுவரும் வளையும். துள்ளியவுடன் வலுவைக் கூட்டி மீண்டும் மேலெழுந்து செல்லுதலே தக்க வழி. கைவிட்டுத் திரும்பத் தொடங்குதல் தோல்வியன்று என்பதை மாணவன் மனங்கொள்ளச் செய்தல் ஆசிரியர் கடன்.

சில்லு இறங்காதபோது

பொறி மெய்யாகவே தவறுதலும் உண்டு. குழாய் கசியலாம், மின்னோட்டம் அறுபடலாம், பூட்டு விழாதிருக்கலாம். அவ்வேளையில் மாணவனுக்குக் கற்பிக்கப்படும் ஒழுங்கு இது: முதலிற் பாதுகாப்பான உயரத்தில் விமானத்தை நிலையாகப் பறக்கச் செய்தல், பின்னர்ப் பட்டியலைக் கையிலெடுத்து ஒவ்வொன்றாகச் சோதித்தல், மின்குமிழை மாற்றிப் பார்த்தல், கையால் இறக்கும் முறையைக் கையாளுதல், கட்டுப்பாட்டுக் கோபுரத்தருகே தாழப் பறந்து சில்லு தோன்றுகின்றதா என நிலத்திலுள்ளோரைக் கேட்டறிதல். எதுவும் பயன்படாதாயின் ஓடுபாதையில் வயிற்றின் மீது இறக்குதல். சிறு விமானங்களில் இத்தகைய இறக்கங்களிற் பெரும்பாலானவை உயிர்ச்சேதமின்றி முடிகின்றன. சுழல்விசிறி வளையும், இயந்திரம் பிரித்துச் சோதிக்கப்படும், ஏறியவர் நடந்து வெளியே வருவர்.

ஆகவே சில்லின் பிழையினும் அப்பிழையில் மனம் முற்றாக அழுந்திப் போதலே கொடியது. இதற்குச் சான்று பயிற்சி விமானமன்று, பயணிகள் விமானமொன்றாகும். 1972 டிசெம்பர் 29 ஆம் நாள் இரவு மியாமி நகரை நெருங்கிய ஈஸ்ரேண் நிறுவனத்தின் விமானத்தில் மூக்குச் சில்லின் பச்சை விளக்கு எரியவில்லை. தேர்ந்த விமானிகள் அவ்விளக்கிலேயே கருத்தைச் செலுத்தினர். உயரத்தைப் பேணிய தானியங்கிக் கருவி விடுபட்டதை ஒருவரும் உணரவில்லை. விமானம் மெல்லத் தாழ்ந்து எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் மோதியது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மூக்குச் சில்லு இறங்கிப் பூட்டுண்டேயிருந்தது, பழுதானது மின்குமிழே. விமானத்தைப் பறக்கச் செய்தலே முதற்கடமை, மற்றெல்லாம் அதற்குப் பின்னரே என்று சிறு விமானத்து மாணவனுக்கும் இன்று வலியுறுத்தப்படுவதற்கு இந்நிகழ்ச்சியும் ஒரு காரணமாகும்.

அண்மைக் காலத்திலே மடங்கு சில்லுடைய பயிற்சி விமானங்கள் அருகி வருகின்றன. புதிய சிறு விமானங்கள் பல நிலையான சில்லுகளோடு விரைந்து பறக்கின்றன. தொழில்முறை விமானிக்குரிய தேர்வுக்கு மடங்கு சில்லுடைய விமானம் இன்றியமையாதது என்னும் நிபந்தனையை அமெரிக்கா 2018 இல் நீக்கியது. இதனால் சில்லை இறக்க மறக்கும் மாணவர் தொகை குறையலாம். ஆனால் பின்னாளிற் பெரிய விமானங்களுக்குச் செல்வோர் அப்பழக்கத்தை எங்ஙனமும் கற்றேயாகவேண்டும்.

ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் இவ்வரலாறு கற்பித்தது யாதெனின், பிழை செய்தவனைச் சுட்டுதலோடு ஆராய்ச்சி முடிந்துவிடலாகாது என்பதே. பலர் ஒரே இடத்தில் ஒரே பிழையைச் செய்வாராயின், அவ்விடத்தை ஆராய்தல் வேண்டும். அவ்வாறு ஆராய்ந்ததனால் ஒரு கைப்பிடியின் வடிவம் மாறிற்று. பல உயிர்கள் தப்பின. அதேவேளை, எத்துணை நுட்பமான பொறியும் கற்றவனின் விழிப்புக்கு ஈடாகாது என்பதையும் பைப்பர் அரோவின் கதை உணர்த்திற்று. கருவியை வகுப்போர் மனிதன் மறப்பான் என்பதை எண்ணி வகுத்தலும், கருவியைக் கையாள்வோர் கருவியும் தவறும் என்பதை எண்ணி விழித்திருத்தலும் ஆகிய இரண்டும் கூடிய விடத்தே பாதுகாப்பு நிலைபெறும். வகுப்பறையில் ஒரே வினாவுக்குப் பல மாணவர் ஒரே தவறான விடையை எழுதும்போது, வினாவையும் கற்பித்த முறையையும் மீளநோக்கும் ஆசிரியருக்கு இவ்வுண்மை புதியதாகத் தோன்றாது.